உள்ளங்கையில் சாவி

1. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, திருவான்மியூர் தாண்டிக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஐந்து பேர் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தோம். இரண்டாவதாகப் போனவர் இடதுபக்கம் சாய்ந்து விழுந்தார்.

2. விழுந்த இடத்தில் யாரோ வீடு கட்டுவதற்காக மணல் கொட்டியிருந்தார்கள். அது எங்கள் ஏற்பாடு அல்ல.

3. மற்ற நான்கு பேருக்கும் செய்ய வேண்டியது தெரியும். ஒருக்களித்துப் படுக்க வைத்தோம். ஹெல்மெட்டின் வாரைத் தளர்த்தினோம். கையையோ காலையோ பிடிக்கவில்லை. நான் மணி பார்த்தேன்.

4. எதிரே இளநீர் விற்றுக்கொண்டிருந்த அம்மாள் ஓடிவந்து, இளநீர் வெட்டும் அரிவாளை அவர் கையில் கொடுக்கப் பார்த்தார். தடுத்தோம்.

5. அந்த வழியாக வந்த ஆட்டோக்காரர் வண்டியை நிறுத்தி, சாவியை உருவி வந்து, அவர் கையில் திணித்தார். இதைத் தடுக்க முடியவில்லை.

6. இரண்டு நிமிடத்துக்குள் வலிப்பு நின்றது. மூடிய கை மட்டும் திறக்கவில்லை.

7. ஆட்டோவில் ஒரு குடும்பம் பெட்டிகளோடு உட்கார்ந்திருந்தது. அவர்களுக்கு ரயிலுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது.

8. கொஞ்ச நேரம் கழித்து அவர் கண்ணைத் திறந்தார். முதலில் கேட்டது: "எத்தனை நிமிஷம்?" இரண்டாவதாகக் கேட்டது: "யார் சாவி இது?"

"என்துதான்க்கா. மெதுவா குடு, ஒண்ணியும் அவசரமில்ல" என்றார் ஆட்டோக்காரர். பின்சீட்டுக்காரர்களின் கருத்து வேறாக இருந்தது.

விழுந்தவர் விரலை ஒவ்வொன்றாகப் பிரித்துச் சாவியைக் கொடுத்தார். நாக்கு இன்னும் சரியாகப் புரளவில்லை. ஆனாலும் சொல்ல வேண்டியதைச் சொன்னார். "இரும்பு வச்சதால நிக்கலைண்ணா. அது தானா நின்னுது."

"அத்த நீ சொல்ற. நீதான் கண்ணு சொருகிக்கினு இருந்தியே, உனுக்கு இன்னா தெரியும்? நான் பாத்தேன்ல." ஆட்டோக்காரர் கிளம்பும்போது, கீழே கிடந்த சைக்கிளை விரலால் ஒரு தட்டுத் தட்டினார். "இது இன்னா, அலுமினியமா?"

ஆமாம் என்றோம்.

"அதான்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

விழுந்தவரின் பெயரை நான் இங்கே எழுதவில்லை. காரணம் அவருடைய வேலை. தேனாம்பேட்டையில் ஒரு லிஃப்ட் கம்பெனியின் புகார்ப் பிரிவில் இருந்தார். நகரத்தில் எங்காவது அந்தக் கம்பெனி லிஃப்ட் நின்றுபோய், உள்ளே மாட்டிக்கொண்டவர்கள் மணிப் பொத்தானை அழுத்தினால், அவர் குரல்தான் வரும். பாதிப்பேர் முதலில் பெயரைக் கேட்பார்கள். "பேர் வேணாம் சார். ஆள் கிளம்பிட்டாங்க" என்பார். பெயர் தெரிந்தால் திட்டுவதற்கு வசதியாகிவிடும் என்று என்னிடம் விளக்கினார்.

நான் அதே கம்பெனியின் கிண்டிப் பட்டறையில் கண்ட்ரோல் போர்டுகளைச் சோதிக்கும் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். முதல் நாள் கையெழுத்துப் போடத் தேனாம்பேட்டைக்குப் போனபோது, ஆபீஸ் லிஃப்டே இரண்டு மாடிகளுக்கு நடுவில் நின்றது. பொத்தானை அழுத்தினேன்.

"பதறாதீங்க. லிஃப்ட் கீழ விழாது. கதவைக் கையால திறக்காதீங்க. பட்டனைத் திரும்பத் திரும்ப அமுக்காதீங்க. ஆள் வந்துகிட்டிருக்காங்க. நீங்க யாரு?"

புதிதாகச் சேர்ந்திருக்கும் கண்ட்ரோல் இன்ஜினியர் என்றேன்.

"அப்ப நீங்களே சொல்லுங்க. என்ன ஃபால்ட்டு?"

கதவு சென்சாராக இருக்கலாம் என்றேன். அதுவாகத்தான் இருந்தது. வெளியே வந்து அந்தக் குரலுக்கு உரியவரைத் தேடிப் போனேன். முடியை ஒட்ட வெட்டியிருந்தார். முன்கை ஒரு நிறம், மணிக்கட்டுக்குக் கீழே இன்னொரு நிறம். கையுறை போட்டு வெயிலில் சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்கு அப்படி ஆகும். என் கையும் அப்படித்தான் இருந்தது. இரண்டு பெண்களும் ஒருவர் கையை ஒருவர் பார்த்துக்கொண்டோம். என்னைவிட எட்டு வயது மூத்தவர் என்பதால் அக்கா என்று கூப்பிட்டேன். அந்த வாரமே அடையாறு மேம்பாலத்தடியில் என்னை மற்ற மூன்று பேரோடு சேர்த்துவிட்டார்.

சேர்ப்பதற்கு முன் ஒரு அறிவிப்பு உண்டு. புதிதாக யார் வந்தாலும், சைக்கிளில் ஏறுவதற்கு முன், லிஃப்ட் குரலிலேயே சொல்வார்.

"எனக்கு வலிப்பு உண்டு. மாத்திரை எடுக்கிறேன். வந்தா விழுவேன். ஒருக்களிச்சுப் படுக்க வையுங்க. கையக் காலப் பிடிக்காதீங்க. வாயில ஒண்ணும் வைக்காதீங்க, தண்ணி உட்பட. மணி பாருங்க. அஞ்சு நிமிஷம் தாண்டுனா ஆம்புலன்ஸ். தாண்டலைன்னா டீ."

கே.கே. நகரில் மருந்துக்கடை வைத்திருக்கும் பாய் எங்கள் குழுவில் ஒருவர். பல வருடமாக மாத்திரை விற்றவர், சாப்பிடுகிறவர் வாயால் இப்படி ஒரு விவரத்தைக் கேட்டதில்லை என்றார். "நம்ம கடையில இதே மாத்திரைய வாங்க வர்றவங்க, பக்கத்துல ஆள் நின்னா இருமல் மருந்து கேட்பாங்கம்மா. ஆள் போனதும்தான் சீட்டை எடுப்பாங்க."

அக்கா சைக்கிள் ஓட்டுவதைப் பார்ப்பதில் சுவாரசியம் எதுவும் இருக்காது. சீட்டிலிருந்து எழுந்து மிதிக்க மாட்டார். அடையாறு பாலத்தில் ஏறும்போது என்ன வேகமோ, இறங்கும்போதும் ஏறக்குறைய அதே வேகம். எதிர்க்காற்று, முதுகுக்காற்று என்ற வித்தியாசமெல்லாம் எங்களுக்குத்தான். நாங்கள் முந்திப்போய் மூச்சு வாங்கி நிற்கும் இடத்துக்கு அவர் அதே முகத்தோடு வந்து, அதே முகத்தோடு தாண்டிப் போவார். மாத்திரை நேரம் வந்தால் மட்டும் எந்த இடமானாலும் நிறுத்துவார். குங்குமச் சிமிழ் ஒன்றில் மாத்திரை இருக்கும். பாலத்தின் நடுவில், பின்னால் ஹாரன் அடிக்க, எங்கள் நான்கு பேரையும் ஓரமாக நிற்க வைத்து உப்புப் போட்ட எலுமிச்சைத் தண்ணீரோடு விழுங்கியிருக்கிறார். ஒருமுறை போலீஸ்காரர் வந்து என்னவென்று கேட்டார். அவருக்கும் அறிவிப்பு முழுவதும் சொல்லப்பட்டது. டீ வரைக்கும்.

ஏன் சைக்கிள் என்று கேட்டிருக்கிறேன். ஸ்கூட்டர் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார், கார் கூடாது, நீச்சல் கூடாது. "சைக்கிளைப் பத்தி அவர் ஒண்ணும் சொல்லல. நான் கேட்டேன். பாத்து ஓட்டுங்கன்னார்." பள்ளியில் விளையாட்டுப் பீரியடில் இவரை மட்டும் நிழலில் உட்கார வைத்து, மற்ற பெண்களின் வாட்ச்சையும் கொலுசையும் பார்த்துக்கொள்ளச் சொல்வார்களாம். பன்னிரண்டாம் வகுப்பு முடியும்வரை அதுதான் அவருடைய விளையாட்டு. ஒரு கொலுசுகூடத் தொலைந்ததில்லை என்று சொன்னார்.

அவருக்கு ஒரு ஆசை இருந்தது. திருவான்மியூரில் கிளம்பி, கடப்பாக்கம் வரை போய், அன்றைக்கே திரும்புவது. ஏறக்குறைய இருநூறு கிலோமீட்டர். வருடத்துக்கு ஒருமுறை சென்னையிலிருந்து பல குழுக்கள் ஒரே நாளில் இதைச் செய்யும். அதில் போக வேண்டும். போய்விட்டு வர வேண்டும். இதற்கு மேல் அதைப் பற்றிப் பேச மாட்டார். இதற்காகத்தான் மூன்று வருடம் ஞாயிறு தவறாமல் மிதித்துக்கொண்டிருந்தார் என்பது மட்டும் எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. லிஃப்ட் நின்றால் போர்டில் ஒரு ஃபால்ட் பதிவாகும். மெக்கானிக் போய்ப் பார்ப்பார். அவர் போவதற்குள் லிஃப்ட் தானாக ஓட ஆரம்பித்திருந்தால், பதிவை அழித்துவிட்டுத் திரும்பிவிடுவார். உள்ளே ஆள் மாட்டவில்லை, புகார் கொடுத்தவர் ஆபீஸ் போய்விட்டார், எதற்கு வம்பு. அக்காவிடம் இது நடக்காது. அந்த மெக்கானிக்கை மறுபடி கூப்பிடுவார். ஏன் நின்றது என்று கேட்பார். "அதான் ஓடிக்கினு கீதே மேடம். உள்ள யாரும் இல்ல, ஒண்ணும் இல்ல" என்று அவர் சொல்வார்.

"ஆள் இல்லாட்டியும் நின்னது நின்னதுதான்."

இதை ஒரு நாளைக்கு நான்கு தடவையாவது சொல்வார். மெக்கானிக்குகள் அவருக்கு அதையே பட்டப்பெயராக வைத்திருந்தார்கள். "நின்னதுநின்னது லைன்ல இருக்கு, பாத்துப் பேசு" என்று ஒருவருக்கொருவர் எச்சரித்துக்கொள்வார்கள். அவருக்கும் தெரியும். ஆட்சேபம் இல்லை.

வீடு மந்தைவெளியில், மூன்றாவது மாடி. அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. அவரும் அவர் அம்மாவும் மட்டும். அம்மா வீட்டில் தையல் மிஷின் வைத்துப் பிளவுஸ் தைப்பார். இடுப்பில் எப்போதும் சாவிக்கொத்துத் தொங்கும். பீரோ சாவி, வாசல் சாவி, எதற்கென்று அவருக்கே தெரியாத இரண்டு சாவி. மகளுக்கு வலிப்பு வந்த முதல் நாளிலிருந்து, கையில் கொடுப்பது அந்தப் பீரோ சாவியைத்தான்.

இரும்புக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று அக்கா பல வருடமாகச் சொல்லி வந்தார். நானும் இன்ஜினியர் என்ற முறையில் ஒருமுறை முயன்றேன்.

"சாவி குடுத்தனா?" என்றார் அம்மா.

"குடுத்தீங்க."

"நின்னுச்சா?"

"நின்னுச்சு."

"ஒரு தபாவாவது நிக்காம இருந்துச்சா?"

இல்லை என்று ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. கொடுக்காமல் விட்டுப் பார்த்தால்தானே தெரியும் என்று சொல்ல வாயெடுத்தேன். அந்த அம்மா என்னைப் பார்த்த பார்வையில், சோதனை முறைகள் பற்றிய பேச்சை அங்கேயே முடித்துக்கொண்டேன்.

அம்மாவின் இன்னொரு கொள்கை, வெளியே சொல்லக் கூடாது என்பது. அக்கம்பக்கத்தில் எல்லோருக்கும் அது தலைசுற்றல். அதிகம் போனால் பித்தம். மகள் சொல்லிவிடுவாள் என்பதுதான் அவருடைய வாழ்நாள் கவலை, மகள் சொல்லிக்கொண்டேதான் இருந்தார். அவருக்கு இருபத்தைந்து வயதில் தாம்பரத்திலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். இதை அம்மாதான் என்னிடம் சொன்னார், பிளவுஸுக்கு ஊக்கு வைத்துக்கொண்டே. "காபி குடுக்கச் சொன்னா, குடுத்துட்டு நின்னுக்கினு ஒப்பிக்கிறா. ஒருக்களிச்சுப் படுக்க வையுங்க, கையப் புடிக்காதீங்க, மணி பாருங்கன்னு. வந்ததுல ஒரு ஆளு நெசமாவே மணி பாத்தாரு. பஸ்ஸுக்கு."

"அப்புறம் என்னாச்சு?" என்று கேட்டேன்.

"இன்னா ஆவும். அஞ்சு நிமிஷம் தாண்டல. டீ குடிக்காமயே போய்ட்டாங்க."

அக்கா உள்ளே இருந்து, அது காபி என்று திருத்தினார்.

சைக்கிளும் அம்மாவுக்குப் பிடிக்காது. விற்றுவிடு என்று சொல்லாத வாரம் இல்லை. அதில் அவருக்கு இரண்டு குறை: ஒன்று, அது ஓடுகிறது. இரண்டு, அதில் இரும்பு இல்லை. ஆட்டோக்காரர் கண்டுபிடித்ததை, சைக்கிள் வாங்கிய அன்றைக்கே அம்மா காந்தம் வைத்துக் கண்டுபிடித்துவிட்டார்.

திருவான்மியூரில் மணலில் விழுந்தது, பல வருடம் ஒன்றும் வராமல் இருந்த பிறகு வந்தது. முந்தைய நாள் பெரிய மழை. நகரம் முழுக்கக் கரண்ட் போய்ப் போய் வந்ததில் லிஃப்டுகள் வரிசையாக நின்றன. அவர் அடுத்தவருடைய ஷிஃப்டையும் சேர்த்துப் பார்த்துவிட்டு, சரியாகத் தூங்காமல் வந்திருந்தார். மயிலாப்பூரில் இருந்த நரம்பு டாக்டரிடம் இதைத் தானே முதலில் சொன்னார். "தூக்கம் கெட்டா வரும்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் போனேன். எழுதிக்கோங்க." டாக்டர் அதிகம் பேசாதவர். எழுதிக்கொண்டார். ஒரு வருடம் எதுவும் வராமல் இருந்தால் சாலை. அதுவரை நின்ற இடத்திலேயே ஓட்டலாம், அதுவும் வீட்டில் ஆள் இருக்கும்போது.

நின்ற இடத்தில் ஓட்டுவதற்கு ஒரு தாங்கி உண்டு. பின்சக்கரத்தை அதில் மாட்டினால் சைக்கிள் நகராது, மிதிப்பது மட்டும் நிஜம். அதை மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டியின் நிழலில் வைத்தோம். அந்த வருடம் முழுவதும் வேலை முடிந்து வந்து அதில் ஏறினார். எதிரே பார்க்க இருந்தவை: பக்கத்துக் கட்டடத்தின் துணிக்கொடி, ஒரு டிஷ் ஆன்டெனா, தூரத்தில் கபாலீஸ்வரர் கோபுரத்தின் உச்சி. அம்மா படியில் உட்கார்ந்து ஊக்குத் தைப்பார். வீட்டில் ஆள் என்று டாக்டர் சொன்னது அவரைத்தான். சைக்கிளை விற்கச் சொல்வது எந்த மாதத்தில் நின்றது என்று நான் கவனிக்கவில்லை. நின்றிருந்தது.

வருடம் முடிகிற வாரம். டாக்டரைப் பார்க்க இரண்டு நாள் இருந்தது. இருநூறு கிலோமீட்டர் நாள் அடுத்த மாதம். பாய் எல்லோருக்கும் சேர்த்துப் பணம் கட்டிவிட்டார். ஒரு வருடம் சாலையையே பார்க்காத சைக்கிளுக்குப் பிரேக்கைச் சரிபார்க்க, நான் காலையில் ஸ்பேனரோடு மந்தைவெளிக்குப் போனேன்.

அக்கா சமையலறை வாசலில் தரையில் உட்கார்ந்திருந்தார். இப்போதுதான் எழுந்தாராம். உடம்பு வலிக்கிறது என்றார். நேற்று மாலை மாடியில் அதிக நேரம் மிதித்திருந்தார், அதனால் இருக்கலாம். நாக்கின் ஓரம் எரிகிறது என்றார். "ராத்திரி அந்த மாங்கா ஊறுகாய அள்ளித் துன்னியே, எரியாம இன்னா பண்ணும்" என்றார் அம்மா, அடுப்பைப் பார்த்தபடி. அதனாலும் இருக்கலாம். தலை கனமாக இருக்கிறது என்றார். வெயில். ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் தயாராக இருந்தது. எல்லாமே ஏற்கக்கூடிய காரணங்கள்.

அம்மா காபியை நீட்டினார். அக்கா வாங்க வலது கையை விரித்தார். விரித்த கையைப் பார்த்தார். டம்ளரை இடது கையில் வாங்கிக் கீழே வைத்தார். வலது உள்ளங்கையை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார்.

எனக்கும் தெரிந்தது. உள்ளங்கையின் நடுவில் சிவப்பாக ஒரு பதிவு. மேலே ஒரு வட்டம், அதற்குள் ஒரு ஓட்டை, கீழே நீளமாக ஒரு கோடு, கோட்டின் முனையில் இரண்டு பல்.

அக்கா அம்மாவின் இடுப்பைப் பார்த்தார்.

"எத்தனை நிமிஷம்?"

"காபி ஆறுது பாரு."

"எத்தனை நிமிஷம்மா?"

"இன்னா எத்தினி நிமிஷம்?"

கையை நீட்டிக் காட்டினார். அம்மா பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். எழுந்து வெளியே போகலாமா என்று யோசித்தேன். நான் உட்கார்ந்திருந்த சமையலறையின் வாசலை மறித்துக்கொண்டு அக்கா இருந்தார்.

"நான் இன்னா கடியாரமா பாத்துக்கினு இருந்தேன்? பொண்ணு இழுத்துக்கினு கீது, அத்த வுட்டுட்டு மணி பாப்பாங்களா?" அடுப்பை அணைத்தார். குரலும் இறங்கியது. "யாரு பாத்தா? நான் ஒருத்திதான் பாத்தேன். தூக்கத்துல வந்துச்சு, தூக்கத்துல போச்சு. நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். டாக்டரு கேட்டா இல்லன்னு சொல்லிட்டு, போய்ட்டு வா. ஒரு வருஷமா அந்த மாடியில, நின்ன எடத்துலயே ஓட்டிக்கினு கீற. எனுக்குக் கண்ணு இல்லியா?"

அக்கா இடது கையாலேயே காபியைக் குடித்தார், முழுவதும்.

"ஆள் இல்லாட்டியும் நின்னது நின்னதுதாம்மா."

"உன் லிஃப்ட்டுப் பேச்ச என்கிட்ட பேசாத."

"லிஃப்ட்டுன்னா அதுக்கு அடியில யாரும் நிக்க மாட்டாங்க. ரோட்டுல பின்னாடி பஸ் வரும். எனக்குப் பக்கத்துல இவ வருவா." என்னைக் காட்டினார். "நான் சாஞ்சா இவ மேலதான் சாய்வேன். அதுவும் தெரியாம அவ வரணுமா?"

அம்மா என்னைப் பார்த்தார். அந்த வீட்டில் அப்படி ஒரு கணக்குக்குள் நான் இருக்கிறேன் என்பது அவருக்கு அப்போதுதான் தோன்றியிருக்க வேண்டும். "ரெண்டு இருக்கும். ரெண்டரைக்கு மேல இல்ல" என்றார்.

பிரேக்கைப் பார்க்கட்டுமா என்று கேட்டேன். கேட்பதற்கு வேறு எதுவும் இல்லை. "பாத்துடு. எப்பவாவது வேணும்" என்றார் அக்கா. மாடிக்குப் போய்ப் பின் பிரேக்கின் கேபிளை மாற்றினேன். முன் பிரேக் நன்றாகவே இருந்தது.

டாக்டரிடம் சொன்னார். தூக்கத்தில் வந்தது, பார்த்தவரும் தானாகச் சொல்லவில்லை, பின்னே எப்படித் தெரிந்தது என்று டாக்டர் கேட்டிருக்கிறார். கையைக் காட்டினாராம். அதற்குள் பதிவு மறைந்திருந்தது. டாக்டர் வெறும் கையைச் சற்றுநேரம் பார்த்துவிட்டு, மாத்திரையின் அளவைக் கூட்டி, இன்னொரு வருடம் என்றார்.

அன்று மதியமே வேலைக்கு வந்தார். நான் ஒரு போர்டு விஷயமாகத் தேனாம்பேட்டையில் இருந்தேன். அடையாறில் ஒரு ஃபிளாட்டில் லிஃப்ட் நின்று, உள்ளே ஒருவர். எப்போது திறப்பீர்கள் என்று அவர் கேட்பது ஹெட்போனுக்கு வெளியே எனக்கே கேட்டது. ஆள் கிளம்பிட்டாங்க என்ற பதில் வரும் என்று எதிர்பார்த்தேன்.

"தெரியல சார்" என்றார் அக்கா. "திறப்பாங்க. எப்பன்னு தெரியல."

உள்ளே இருந்தவர் அமைதியாகிவிட்டார். மற்ற எல்லாப் பதிலையும்விட அது நன்றாக வேலை செய்தது. ஆனால் மறுநாளிலிருந்து பழைய பதிலுக்கே திரும்பிவிட்டார்.

இருநூறு கிலோமீட்டர் நாள் வந்தது. விடியும் முன் திருவான்மியூரில் நாங்கள் நான்கு பேர் கிளம்பினோம். அதே நேரத்தில் மந்தைவெளி மொட்டை மாடியில் அவர் மிதிக்க ஆரம்பித்தார். அது அவராகச் செய்த முடிவு. அம்மா தடுக்கவில்லை. வழியில் உள்ள ஊர்களும் ஒவ்வொன்றுக்கும் எத்தனை கிலோமீட்டர் என்பதும் அம்மாவிடம் சொல்லப்பட்டிருந்தன.

கோவளம் தாண்டுவதற்கு முன் டீக்கு நிறுத்தி, பாய் போன் செய்தார். அம்மாதான் எடுத்தார். பாய் ஸ்பீக்கரில் போட்டார்.

"அவ கோவளம் தாண்டிட்டா. நீங்க எங்க கீறீங்க?"

"இன்னும் கோவளம் வரலைம்மா."

"சரி, மெதுவா வாங்க."

மாடியில் அக்காவுக்கு ரோட்டுச் சிக்னல் கிடையாது, காற்றுக் கிடையாது, சோழிங்கநல்லூர் பக்கம் திரும்பும் லாரிகள் கிடையாது. மகாபலிபுரத்தில் நாங்கள் இட்லி சாப்பிட்டபோது அவர் கல்பாக்கத்தில் இருந்தார். "இங்க நல்ல வெயிலு. அங்க எப்பிடி?" என்று அம்மா கேட்டார். இங்கேயும் வெயில் என்றோம். அதற்குப் பிறகு அந்தப் பக்கத்திலிருந்தே போன் வர ஆரம்பித்தது. கடப்பாக்கத்தில் திரும்பியாகிவிட்டது. மோர் கொடுத்தாயிற்று. மாத்திரை போட்டாயிற்று. கீழ்வீட்டுக்காரர்கள் துணி எடுக்க மாடிக்கு வந்து, உங்கள் பெண் காலையிலிருந்து என்ன செய்கிறாள் என்று கேட்டிருக்கிறார்கள். "கடப்பாக்கம் போய்ட்டு வர்றா. அவளுக்கு வலிப்பு கீது, ரோட்டுல ஓட்டக் கூடாது, அதான் இங்க ஓட்டறா" என்று அம்மா சொல்லியிருக்கிறார். தலைசுற்றல் என்று சொல்லவில்லை. இதை அம்மா எங்களுக்குச் சொன்னது, அந்த வீட்டுக்காரி துணியை எடுக்காமலேயே இறங்கிவிட்டாள் என்ற தகவலுக்காக.

நாங்கள் திருவான்மியூர் வந்து சேர்ந்தபோது இருட்டத் தொடங்கியிருந்தது. அவர் எங்களுக்கு முன்பே வந்துவிட்டார்.

அடுத்த வருடம் எனக்கு வேறு ஊரில் வேலை கிடைத்துச் சென்னையை விட்டேன். போனில் பேசிக்கொள்வோம். டாக்டர் சொன்ன அந்த இன்னொரு வருடமும் முழுதாக முடியவில்லை. மழைக்காலத்தில் ஒரு விடியலில், தூக்கத்தில் மறுபடி வந்தது. இதைச் சொன்னது அம்மா. அவர் எனக்கு நேராகப் போன் செய்தது அது ஒருமுறைதான்.

வலிப்பு வந்ததும் அம்மா முதலில் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தாராம். அதற்குப் பிறகுதான் இடுப்பிலிருந்து சாவியை எடுத்தார். நின்றதும் மறுபடி கடிகாரம். ஆஸ்பத்திரி திறக்கும்வரை காத்திருந்து, அவரே போன் போட்டு, டாக்டரிடம் சொல்லிவிட்டார். அக்கா கண்விழித்து வாயைத் திறப்பதற்குள், "ரெண்டே கால். டாக்டருகிட்ட சொல்லியாச்சு. காபி ஆறுது பாரு" என்றாராம்.

"உங்கள எதுக்குக் கூப்ட்டேன்னா," என்றார், "நீங்கதான அவ பக்கத்துல ஓட்டறவங்க. அதான் சொல்லிட்டேன்."

நான் இப்போது அந்த ஊரிலேயே இல்லை என்பதை அவருக்கு ஞாபகப்படுத்தவில்லை. சரிம்மா என்றேன்.

இப்போதைய நிலவரம்: மூன்றாவது வருடம் நடந்துகொண்டிருக்கிறது. புது மாத்திரை ஒன்று சேர்த்திருக்கிறார்கள். இதுவரை எதுவும் வரவில்லை. அக்கா அதே வேலையில் இருக்கிறார், மாலையில் மாடியில் ஓட்டுகிறார். சாலைக்கு இன்னும் அனுமதி கிடைக்கவில்லை. சாவி கொடுப்பதை அம்மா விடுவதாக இல்லை.